உலாவிக்கும் வழங்கிக்கும் நடுவே: இடைநிலை மென்பொருள் யாருக்காக வேலை செய்கிறது?

2000-களின் பிற்பகுதியில் விற்பனையான பெரும்பாலான ஜாவா கைப்பேசிகளில் தமிழ் எழுத்துரு கிடையாது. ஒரு தமிழ் வலைப்பதிவைத் திறந்தால் வரிவரியாக வெற்றுக் கட்டங்களே தெரியும். அந்நாளில் தமிழ் வாசகர்களிடையே ஒரு குறிப்பு கைமாறிக்கொண்டிருந்தது. ஓப்பரா மினி உலாவியின் முகவரிப் பட்டையில் அதன் உள்ளமைப்புப் பக்கத்தின் முகவரியைத் தட்டி, சிக்கலான எழுத்துமுறைகளுக்குப் பிட்மேப் எழுத்துருவைப் பயன்படுத்தலாமா என்று கேட்கும் தெரிவை ‘ஆம்’ என மாற்றிச் சேமித்துவிட்டால், அதே கைப்பேசியில் தமிழ் தெரியத் தொடங்கிவிடும். கைப்பேசியில் புதிதாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

இது எப்படி நடந்தது என்றால், ஓப்பரா மினியில் பக்கத்தை உருவாக்கும் வேலை கைப்பேசியில் நடக்கவே இல்லை. பயனர் ஒரு முகவரியைக் கேட்டதும், அந்தக் கோரிக்கை நேராக அந்தத் தளத்துக்குப் போகாமல் ஓப்பரா நிறுவனத்தின் வழங்கிக்கு, அதாவது பக்கங்களைத் தரும் சர்வர் கணினிக்குப் போனது. அந்த வழங்கி தளத்திலிருந்து பக்கத்தை வாங்கி, அதிலுள்ள ஜாவாஸ்கிரிப்டை இயக்கி, படங்களைச் சுருக்கி, எல்லாவற்றையும் தனக்கே உரிய ஒரு சிறு வடிவத்துக்கு மாற்றிக் கைப்பேசிக்கு அனுப்பியது. மேற்சொன்ன தெரிவை மாற்றியவர்களுக்குத் தமிழ் எழுத்துகளையும் அந்த வழங்கியே படங்களாக வரைந்து அனுப்பியது. பக்கத்தின் எடை 90 விழுக்காடு வரை குறையும் என்று ஓப்பரா கூறிவந்தது. இரண்டாம் தலைமுறை இணைப்புக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது சிறிய உதவி அல்ல. ஆனால் அதே ஏற்பாட்டுக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. வங்கித் தளத்தின் பாதுகாப்பான பக்கமானாலும், பிறர் படிக்க முடியாதபடி அதற்குச் செய்யப்பட்ட மறையாக்கம் ஓப்பராவின் வழங்கியில் ஒருமுறை நீக்கப்பட்டு, உருமாற்றப்பட்டு, மீண்டும் மறையாக்கம் செய்யப்பட்டே கைப்பேசிக்கு வந்தது. வாசகருக்கும் வங்கிக்கும் நடுவே, இருவரும் பேசுவதைப் படிக்கக்கூடிய மூன்றாவது ஒருவர் இருந்தார்.

உலாவிக்கும் வழங்கிக்கும் நடுவில் நின்று, கடந்துபோகும் உள்ளடக்கத்தைப் படித்தோ மாற்றியோ தடுத்தோ சேமித்தோ வைக்கும் இத்தகைய மென்பொருள்களுக்கு வலையின் வரலாற்றில் ஏறத்தாழ வலையின் அளவுக்கே வயதாகிறது. இவை நல்லவையா கெட்டவையா என்னும் கேள்வியில் விவாதம் பலமுறை சிக்கிக்கொள்கிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று நான் கருதுகிறேன். நடுவில் நிற்பவரை அங்கே நிறுத்தியது யார், அவர் நிற்பது மற்றவர்களுக்குத் தெரியுமா என்பதே அது. நுட்பம் ஒன்றாகவே இருக்க, இந்த விடையைப் பொறுத்து அது உதவியாகவும் ஊடுருவலாகவும் மாறுகிறது.

தொடக்கம் மிக எளிய ஒரு தேவையிலிருந்து வந்தது. 1994-இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் அரி லுவோட்டொனன் அங்கே உருவாகிவந்த வலை வழங்கி மென்பொருளுக்கு ப்ராக்ஸி வசதியைச் சேர்த்தார். அவரும் கெவின் ஆல்டிஸும் சேர்ந்து அதை விளக்கி அவ்வாண்டே ஒரு கட்டுரை எழுதினர். நிறுவனங்கள் தங்கள் உள்வலையமைப்பைத் தீயரண் எழுப்பி அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. உள்ளே இருப்பவர் வெளியே நேரடியாகத் தொடர்புகொள்ள முடியாதபோது, தீயரணின் வாசலில் நிற்கும் ஒரு மென்பொருள் அவர் சார்பில் கேட்டு வாங்கித் தர வேண்டியிருந்தது. அந்த ப்ராக்ஸி வலைப் பக்கங்களை மட்டுமன்றி எஃப்டிபி, கோஃபர் போன்ற பழைய சேவைகளையும் பேசத் தெரிந்ததாக இருந்தது. வலைப் பக்கங்களைக் கேட்டு வாங்கும் நெறிமுறையான எச்டிடிபி மட்டும் உலாவிக்குத் தெரிந்தால் போதும், மற்றவற்றை ப்ராக்ஸி பார்த்துக்கொள்ளும். அப்படிப் பார்த்தால், ஒரு வடிவில் வந்ததை இன்னொரு வடிவில் தருவது முதல் நாளிலிருந்தே இடைநிலை மென்பொருளின் இயல்பாக இருந்திருக்கிறது.

ஒருவர் கேட்டு வாங்கிய பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொண்டால் அடுத்தவர் கேட்கும்போது மீண்டும் கடல் கடந்து போக வேண்டியதில்லை என்பதும் விரைவிலேயே புலப்பட்டது. நாடுகளுக்கிடையேயான இணைப்புகள் மிகுந்த விலை பெற்றிருந்த 1990-களில் பல்கலைக்கழகங்களும் இணையச் சேவை நிறுவனங்களும் இந்தக் கேஷ் வசதிக்காகவே ப்ராக்ஸிகளை நிறுவின. ஹார்வெஸ்ட் என்னும் ஆய்வுத் திட்டத்திலிருந்து கிளைத்து 1996-இல் வெளிவந்த ஸ்குவிட் என்னும் ப்ராக்ஸி மென்பொருள் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது.

எச்டிடிபி நெறிமுறை இவற்றை ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொண்டது. 2022-இல் வெளியான ஆர்எஃப்சி 9110 என்னும் இணையத் தர ஆவணம் வரையிலும் இடைநிலைகளை அது மூன்று வகையாகப் பிரிக்கிறது. பயனர் தானே தேர்ந்தெடுத்து அமைத்துக்கொள்வது ப்ராக்ஸி. தள உரிமையாளரின் சார்பில் வாசலில் நின்று, தானே மூல வழங்கி என்பதுபோல் பதில் தருவது நுழைவாயில். எதிர்முக ப்ராக்ஸி என்றும் இதைச் சொல்வர். உள்ளே என்ன போகிறது என்று பார்க்காமல் இரு பக்கமும் தரவை அப்படியே கடத்துவது சுரங்கவழி. கடந்துபோகும் ஒவ்வொரு செய்தியிலும், உள்ளடக்கத்துக்கு முன் வரும் ‘வயா’ என்னும் தலைப்பு வரியில் ப்ராக்ஸி தன் பெயரைப் பதிய வேண்டும் என்றும் நெறிமுறை கட்டளையிடுகிறது. இந்த மூன்றிலும் சேராத ஒன்று உண்டு. பயனரும் அமைக்காமல், தளத்தாரும் அமைக்காமல், வழியிலிருக்கும் வலையமைப்பு தானாகவே போக்குவரத்தைப் பிடித்துத் திருப்பும் இடைமறிப்பு ப்ராக்ஸி. நெறிமுறையின் மட்டத்தில் பார்த்தால் இதற்கும் வழியில் அமர்ந்து தாக்குபவருக்கும் வேறுபாடு காண முடியாது என்று அதே ஆவணம் வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. இந்தத் துறையில் இதைவிடத் தெளிவான வாக்கியத்தை நான் படித்ததில்லை.

கடத்துவதும் சேமிப்பதும் போக, உள்ளடக்கத்தையே திருத்தும் யோசனையை முறையாக ஆராய்ந்தவர்களில் கலிபோர்னியாவின் ஐபிஎம் அல்மாடன் ஆய்வகத்தைச் சேர்ந்த ராப் பேரட்டும் பால் மாக்லியோவும் முக்கியமானவர்கள். 1990-களின் இறுதியில் அவர்கள் உருவாக்கிய கட்டமைப்பில் இடைநிலை நிரல்கள் மூன்று பணிகளாகப் பிரிக்கப்பட்டன: கடந்துபோவதைப் பார்த்துக் குறித்துக்கொள்பவை, கடந்துபோவதைத் திருத்துபவை, வழங்கியைக் கேட்காமல் தாமே பக்கத்தை உருவாக்கித் தருபவை. பயனரின் சொந்தக் கணினியிலேயே இதை இயக்கலாம். அவர்கள் காட்டிய பயன்பாடுகளில் ஒன்று, பக்கத்திலுள்ள ஒவ்வொரு இணைப்புக்கும் அருகில் ஒரு சிறு வண்ண அடையாளத்தைச் சேர்த்து, அந்த இணைப்பின் மறுமுனை எவ்வளவு விரைவாகப் பதில் தரும் என்பதைச் சொடுக்குவதற்கு முன்பே காட்டியது. தளத்தை எழுதியவர் அந்த அடையாளத்தை வைக்கவில்லை. உலாவியைச் செய்தவரும் வைக்கவில்லை. வாசகரே தன் வசதிக்காக நடுவில் அமர்த்திய நிரல் வைத்தது. விளம்பரங்களையும், பயனரை அடையாளம் காணத் தளங்கள் உலாவியில் வைக்கும் குக்கிகளையும் வடிகட்டிய இன்டர்நெட் ஜங்க்பஸ்டர், அதிலிருந்து 2001-இல் பிறந்த பிரிவாக்ஸி ஆகியவையும் இதே மரபைச் சேர்ந்தவை.

அங்கிருந்து, இந்தத் திருத்தும் வேலையைப் பயனரின் கணினியில் செய்வதற்குப் பதிலாக வலையமைப்பின் நடுவிலேயே பெரிய அளவில் செய்யலாமே என்ற எண்ணம் வணிக நிறுவனங்களுக்கு வந்தது. வைரஸ் சோதனை, மொழிபெயர்ப்பு, கைப்பேசிக்கேற்ற உருமாற்றம், விளம்பரச் செருகல் என்று பல சேவைகள் பேசப்பட்டன. இதற்கொரு பொதுத் தரம் வகுக்கும் முயற்சி இணையப் பொறியியல் பணிக்குழுவில் எழுந்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது. 2002 ஜனவரியில் இணையக் கட்டமைப்பு வாரியம் ஆர்எஃப்சி 3238 என்னும் ஆவணத்தில் தன் நிபந்தனைகளை வெளியிட்டது. நடுவில் நடக்கும் எந்த மாற்றத்துக்கும் இரு முனைகளில் ஒன்று, அதாவது உள்ளடக்கத்தைத் தருபவரோ பெறுபவரோ, வெளிப்படையாக ஒப்புதல் தந்திருக்க வேண்டும். மாற்றம் தவறாகவோ விருப்பத்துக்கு மாறாகவோ நடந்தால் முனைகளில் இருப்பவர் அதைக் கண்டறிய வழி இருக்க வேண்டும் என்பவை அவற்றில் தலையாயவை.

இருவரில் ஒருவரின் ஒப்புதல் போதுமா, இருவரும் ஒப்ப வேண்டாமா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. வாசகர் தன் திரையில் விளம்பரத்தை நீக்கிக்கொள்ள எழுத்தாளரின் அனுமதி வேண்டும் என்றால் வாசகருக்கு உரிமை என்று எதுவும் மிஞ்சாது. ஆகவே ஒருவரின் ஒப்புதல் போதும் என்ற முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. எழுத்தாளருக்கும் ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. கேஷ் கட்டுப்பாட்டுத் தலைப்பு வரியில் ‘நோ டிரான்ஸ்ஃபார்ம்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால், வழியிலுள்ள எந்த ப்ராக்ஸியும் அந்த உள்ளடக்கத்தை உருமாற்றக் கூடாது என்பது 1990-களிலிருந்தே நெறிமுறையில் இருக்கும் விதி. ஆனால் மதிப்பவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும் விதி அது.

மதிக்காதவர்கள் எத்தனை பேர் என்பதை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முதன்மையாக நின்று 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அளந்து காட்டியது. தாங்கள் அனுப்பிய பக்கமும் உலாவியில் போய்ச் சேர்ந்த பக்கமும் ஒன்றா என்று சோதிக்கும் ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்டைத் தங்கள் பக்கத்திலேயே வைத்து, ஏறத்தாழ 50,000 இணைய முகவரிகளிலிருந்து வந்தவர்களிடம் அவர்கள் இதைச் சோதித்தனர். 1 விழுக்காட்டுக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு மாற்றப்பட்ட பக்கமே கிடைத்திருந்தது. அதில் பெரும்பகுதி பயனர்கள் தாமே நிறுவிக்கொண்ட தடுப்பு மென்பொருள்களின் வேலை. ஆனால் சில இணையச் சேவை நிறுவனங்கள் விளம்பரம் செருகியதும் சிக்கியது. நல்ல நோக்கத்தில் பயனர் நிறுவிய சில வடிகட்டிகளே, பக்கத்தைத் திருத்தும்போது அதில் இல்லாத பாதுகாப்பு ஓட்டைகளைப் புதிதாகத் திறந்துவிட்டிருந்தன என்பது அந்த ஆய்வின் கவலைக்குரிய இன்னொரு கண்டுபிடிப்பு.

இந்தியாவில் இது பொதுவெளிக்கு வந்தது 2015 ஜூன் மாதத்தில். பெங்களூருவைச் சேர்ந்த நிரலாளர் ஒருவர், ஏர்டெல் மூன்றாம் தலைமுறை இணைப்பில் தன் சொந்த வலைப்பதிவைத் திறந்து மூலநிரலைப் பார்த்தபோது, தான் எழுதாத ஒரு ஜாவாஸ்கிரிப்ட் வரி அதில் இருந்ததைக் கண்டார். அவருடைய வழங்கியில் அந்த வரி இல்லை. வேறு இணைப்பில் திறந்தால் உலாவியிலும் இல்லை. வழியில் யாரோ செருகியிருக்கிறார்கள். அந்த நிரல் பக்கத்தில் ஒரு கருவிப்பட்டையை நுழைக்க முயல்வதாகத் தெரிந்தது. அவர் சான்றுகளை, நிரலாளர்கள் தம் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வெளியிட்டார். அந்த நிரலுக்கு உரிமையாளரான இஸ்ரேலிய நிறுவனம் ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ் அவருக்குச் சட்ட அறிவிக்கை அனுப்பியது. பதிப்புரிமைப் புகாரின்பேரில் கிட்ஹப்பிலிருந்து அந்தப் பதிவும் நீக்கப்பட்டது. வாடிக்கையாளர் தம் தரவுப் பயன்பாட்டைத் தெரிந்துகொள்ள உதவும் ஒரு முன்னோட்டச் சோதனை அது என்று ஏர்டெல் விளக்கம் அளித்தது. அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் அடிப்படைக் குறை நீங்கவில்லை. தன் வலைப்பதிவில் அந்நிய நிரல் ஓடுவதற்கு அவர் எழுத்தாளராகவும் ஒப்பவில்லை, வாசகராகவும் ஒப்பவில்லை. இரு முனைகளிலும் ஒரே ஆள் இருந்ததால்தான் அது பிடிபட்டது. மற்றவர்களுக்கு, எழுதியவர் பார்ப்பது ஒன்றும் படிப்பவர் பார்ப்பது இன்னொன்றுமாக இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் வெரைசன் என்னும் தொலைபேசி நிறுவனம் இன்னும் அமைதியான ஒரு வழியைக் கையாண்டது. பக்கத்தைத் தொடாமல், கைப்பேசியிலிருந்து வெளியே போகும் கோரிக்கைகளில் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தனித்தனி அடையாளக் குறி கொண்ட ஒரு தலைப்பு வரியைச் சேர்த்தது. குக்கிகளை அழித்தாலும் பயனில்லை, ஏனெனில் குறி கைப்பேசியில் இல்லை, வழியில் இருந்தது. இதற்காக 2016 மார்ச்சில் அது 13.5 லட்சம் டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது. இவற்றையெல்லாம் மிஞ்சியது 2015 மார்ச்சில் சீனாவில் நடந்தது. சீனத் தேடுபொறி நிறுவனமான பைடுவின் தளக் கணக்கெடுப்பு நிரலைக் கேட்டுப்போன வெளிநாட்டு உலாவிகள் சிலவற்றுக்கு வழியிலேயே வேறொரு நிரல் திருப்பி அனுப்பப்பட்டது. அந்த உலாவிகள் தம் உரிமையாளர் அறியாமலே கிட்ஹப் தளத்தைத் தாக்கும் படையாயின.

மறையாக்கம் செய்யப்படாத எச்டிடிபி இருக்கும்வரை இவற்றைத் தடுக்க வழியில்லை என்ற புரிதல் இந்த ஆண்டுகளில்தான் உறுதிப்பட்டது. 2015 இறுதியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ்களைப் பொதுமக்களுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கியபின், எச்டிடிபியின் மறையாக்கம் செய்த வடிவமான எச்டிடிபிஎஸ் விரைந்து பரவியது. உலாவியும் வழங்கியும் நேரடியாக மறையாக்கம் செய்துகொண்டால் நடுவில் இருப்பவருக்குத் தெரிவது புரியாத எண்களின் ஓட்டம் மட்டுமே. ஒரு எழுத்தை மாற்றினாலும் மறுமுனை அதை நிராகரித்துவிடும். தன்விருப்பமாக நடுவில் நின்றவர்களை இந்த ஒரு மாற்றம் ஏறத்தாழ வெளியேற்றிவிட்டது. அதற்கான விலையையும் சொல்ல வேண்டும். ஊருக்குப் பொதுவாக ஒரு கேஷ் வைத்து, மெதுவான இணைப்பைப் பலர் பகிர்ந்துகொண்டிருந்த பள்ளிகளும் நூலகங்களும் அந்த வசதியை இழந்தன. குரோம் உலாவியில் இருந்த தரவுச் சிக்கனச் சேவையையும் கூகுள் 2022-இல் நிறுத்திக்கொண்டது. இழப்பைவிட ஈட்டம் பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை, ஆனால் இழந்தவர்கள் மெதுவான இணைப்பில் இருந்தவர்கள் என்பதை மறந்துவிட்டு இந்த வரலாற்றை எழுதக் கூடாது.

மறையாக்கத்தையும் தாண்டப் பெரும்பாலும் கையாளப்படும் வழி, பிற சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையாக நம்பப்படும் வேர்ச் சான்றிதழ் ஒன்றைப் போலியாக உருவாக்கி, பயனரின் கணினியை நம்ப வைப்பது. அலுவலகங்களும் சில வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்களும் இதைச் செய்கின்றன. 2014-இன் பிற்பகுதியில் லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் விளம்பரம் காட்டுவதற்காக முன்கூட்டியே நிறுவப்பட்ட சூப்பர்ஃபிஷ் மென்பொருளும் இதையே செய்தது. எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவி இருந்ததால், அதைப் பிரித்தெடுத்த எவரும் எந்த வங்கியின் பெயரிலும் போலிப் பக்கம் காட்ட முடிந்தது. 2019 ஜூலையில் கஜகஸ்தான் அரசு தன் வேர்ச் சான்றிதழை நிறுவுமாறு குடிமக்களை வற்புறுத்தியபோது, கூகுள், மொசில்லா, ஆப்பிள் ஆகியவை அடுத்த மாதமே அந்தச் சான்றிதழைத் தத்தம் உலாவிகளில் முடக்கின. 2017-இல் வெளியான ஓர் ஆய்வு, தான் கவனித்த எச்டிடிபிஎஸ் இணைப்புகளில் 4 முதல் 11 விழுக்காடு வரை இப்படி இடைமறிக்கப்படுவதாகக் கணக்கிட்டது.

ஆனால் இடைநிலை மென்பொருள் ஒழிந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. வழியின் நடுவில் நிற்க முடியாமல் போனதும் அது இரு முனைகளுக்கும் நகர்ந்துவிட்டது. ஒருபுறம், உலாவிக்குள்ளேயே நீட்சிகளாகக் குடியேறிப் பக்கங்களைத் திருத்துகிறது. மறுபுறம், தள உரிமையாளரின் வாசலில், பக்கங்களின் நகல்களைப் பல இடங்களில் வைத்துத் தரும் உள்ளடக்கப் பரவல் வலையமைப்புகளாக நிற்கிறது. இந்த இரண்டாவது வகையே இன்று மிகப் பெரியது. தமிழ் விக்கிப்பீடியாவின் ஒரு பக்கத்தைச் சென்னையிலிருந்து திறப்பவரின் கோரிக்கை பெரும்பாலும் அமெரிக்காவுக்குப் போவதில்லை; விக்கிமீடியா 2018-இல் சிங்கப்பூரில் நிறுவிய கேஷ் மையமே பதில் தந்துவிடும். அதே பக்கத்தைப் புகுபதிகை செய்த பயனர் கேட்டால், அவருக்கேற்ற பக்கத்தை உருவாக்க வேண்டியிருப்பதால் கோரிக்கை முதன்மைத் தரவு மையம் வரை போகிறது. அந்த இடைநிலை அவர்களுடையதே. ஆகவே சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் பெரும்பாலான தளங்களால் சொந்தமாக மையம் அமைக்க முடியாது, அவை கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனங்களை அமர்த்துகின்றன. மறையாக்கம் அங்கே முடிகிறது. அந்த நிறுவனம் பக்கத்தைத் திறந்து படிக்கிறது. தேவைப்பட்டால் திருத்தி அனுப்புகிறது.

அந்தத் திருத்தத்தில் ஒரு சிறு பிழை என்ன செய்யும் என்பதை 2017 பிப்ரவரி காட்டியது. மின்னஞ்சல் முகவரிகளைத் தானியங்கிகளிடமிருந்து மறைத்துக் காட்டுவது, பழைய எச்டிடிபி இணைப்புகளை எச்டிடிபிஎஸ் ஆக மாற்றுவது போன்ற வசதிகளைத் தர, கிளவுட்ஃபிளேர் கடந்துபோகும் எச்டிஎம்எல் (வலைப் பக்கங்களை எழுதும் குறிமொழி) பக்கங்களை எழுத்தெழுத்தாகப் பகுத்துப் படித்தது. படிக்கும் இடம் நினைவகப் பகுதியின் எல்லையை எட்டியதா என்பதை, எல்லைக்குச் ‘சமமா’ என்று மட்டுமே நிரல் சோதித்தது. ‘சமமா அல்லது தாண்டியதா’ என்று சோதிக்கவில்லை. ஒரு பக்கம் முடியும் இடத்தில் பண்புக்கூறு பாதியில் நின்றுபோன ஒரு குறிச்சொல் இருந்தால், படிக்கும் இடம் எல்லையைத் தாவிக் குதித்துவிடும். அதன்பின் சமநிலை வரவே வராது, நிரல் அடுத்திருக்கும் நினைவகத்தையும் பக்கத்தின் பகுதி என்றே கருதி அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த அடுத்த நினைவகத்தில் முற்றிலும் தொடர்பில்லாத வேறு தளங்களின் குக்கிகளும் கடவுச்சொற்களும் தனிச்செய்திகளும் இருந்தன, ஏனெனில் எல்லாத் தளங்களுக்கும் அதே கணினிகளே பணிபுரிந்தன. கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் டேவிஸ் ஓர்மண்டி இதைக் கண்டபோது தேடுபொறிகளின் சேமிப்பிலும் இந்தக் கசிவுகள் படிந்திருந்தன. கிளவுட்ஃபிளேர் 47 நிமிடங்களில் முதன்மையான வசதியை நிறுத்தி, 7 மணி நேரத்துக்குள் முழுவதையும் அடைத்தது. விரிவான அறிக்கையும் வெளியிட்டது. அந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆயினும் எந்தத் தளத்தையும் உடைக்காமலே பல தளங்களின் மறைசெய்திகள் வெளியே வந்தன என்ற உண்மை அப்படியே நிற்கிறது.

இங்கே ஒப்புதல் இருக்கிறது. தள உரிமையாளர் தெரிந்தே அமர்த்துகிறார். இல்லாதது வாசகரின் அறிவு. முகவரிப் பட்டையின் பூட்டுக் குறி, உலாவியிலிருந்து மறையாக்கம் முடியும் இடம் வரை என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது. அந்த இடம் தளத்தின் வழங்கியா, நடுவில் அமர்த்தப்பட்ட நிறுவனமா என்பதை அது சொல்வதில்லை. இடைநிறுவனத்திலிருந்து மூல வழங்கி வரையிலான பாதியை மறையாக்கமே இல்லாமல் விட்டுவிடும் அமைப்பைக்கூடத் தள உரிமையாளர் தேர்ந்தெடுக்கலாம். அப்போதும் வாசகரின் திரையில் அதே பூட்டுதான் தெரியும். ஆர்எஃப்சி 3238 கேட்ட ஒப்புதலை இந்த ஏற்பாடு நிறைவேற்றுகிறது, முனையில் இருப்பவர் கண்டறிய வழி வேண்டும் என்று அது கேட்டதை நிறைவேற்றவில்லை.

அண்மைக் காலத்தில் வேறொரு திசையில் நடக்கும் முயற்சிகள் எனக்கு நம்பிக்கை தருகின்றன. நடுவில் ஆள் இருப்பது தவிர்க்க முடியாதது என்றால், ஒருவருக்கே எல்லாம் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவற்றின் அடிப்படை. 2021-இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய தனியுரிமைத் தொடரோட்டச் சேவையில் கோரிக்கை இரு இடைநிலைகளைக் கடக்கிறது. முதலாவதுக்குக் கேட்பவர் யார் என்று தெரியும், எந்தத் தளத்தைக் கேட்கிறார் என்று தெரியாது. இரண்டாவதுக்கு எந்தத் தளம் என்று தெரியும், யார் என்று தெரியாது. 2024 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 9458 இதே பிரிவினையைத் தனித்தனி எச்டிடிபி கோரிக்கைகளுக்கான தரமாக வகுத்திருக்கிறது. இரு இடைநிலைகளையும் நடத்துபவர்கள் தமக்குள் தகவலைப் பரிமாறிக்கொள்ளக் கூடாது என்பது இதற்கு இன்றியமையாத நிபந்தனை. அந்த நிபந்தனை காக்கப்படுகிறதா என்று உலாவியால் சோதிக்க முடியாது. அதை ஒப்பந்தங்களும் சட்டமும் வெளித் தணிக்கையுமே உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது, அவற்றை எழுதும் வேலை இன்னும் பெரும்பாலும் நிறுவனங்களின் கையிலேயே இருக்கிறது.